அந்தமான் பயணத்தின் கடைசி நாளில் அருங்காட்சியகங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தமானுக்குச் செல்வோரின் திட்டத்தில் போர்ட் பிளேர் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் முதல் நாள் பிற்பகலுக்கே ஒதுக்கப்படுகின்றன. விமானத்தில் வந்து இறங்கிய களைப்பு தீருமுன், மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குப் புறப்படும் கப்பலை எண்ணிக்கொண்டே, மூன்று கட்டடங்களுக்குள் நுழைந்து வெளியே வந்துவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடலையும் காட்டையும் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவருக்குத்தான் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது என்னவென்று புரியும். நீருக்கடியில் நீங்கள் கண்ட பவளப்பாறைக்கு அங்கே பெயர் கிடைக்கும். பாரதாங் தீவுக்குச் செல்லும் சாலையில் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கடந்துபோன காட்டில் வாழ்பவர்கள் யார் என்பது தெரியவரும். ஹேவ்லாக், நீல், ராஸ் என்று ஆங்கிலேயத் தரைப்படைத் தளபதிகளின் பெயர்களும் அதிகாரிகளின் பெயர்களும் இந்தத் தீவுகளுக்கு எப்படி வந்து ஒட்டின, ஏன் மாற்றப்பட்டன என்பதும் விளங்கும்.

பெயர் மாற்றங்களைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேர் நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீப் ஆகவும், நீல் ஷாஹீத் தீப் ஆகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீப் ஆகவும் மாறின. பயணச்சீட்டுகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் இரு வகைப் பெயர்களையும் காண்பீர்கள். ஆட்டோ ஓட்டுநர்களிடம் பழைய பெயரே இன்னும் எளிதாக எடுபடுகிறது என்பதால் இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

முதல் படி: கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள்

மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்திருக்கின்றன. ஹேவ்லாக்கிலிருந்தோ நீலிலிருந்தோ காலைக் கப்பலில் கிளம்பி, அதே நாள் விமானத்தைப் பிடிக்கும் திட்டம் காகிதத்தில் சரியாகவே இருக்கும். ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். சில நாள்களில் புறப்படவே புறப்படாது. விமானம் தவறாவிட்டாலும், அருங்காட்சியகத்துக்கென்று வைத்திருந்த மூன்று மணி நேரம் படகுத்துறையிலேயே கரைந்துவிடும். ஆகவே புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் பிற்பகலுக்குள் போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுங்கள். அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலும், தனியார் விரைவுக் கப்பல்கள் பெரும்பாலும் ஹேடோ துறையிலும் வந்து சேர்கின்றன. இரண்டுமே நகருக்குள் இருப்பதால் விடுதிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

ஸ்கூபா நீச்சல் செய்தவர்களுக்கு இது வசதி மட்டுமன்று, உடல்நலப் பாதுகாப்பும் ஆகும். அழுத்தக் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் இருக்கும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்து தங்குகிறது. அது முழுமையாக வெளியேறுவதற்கு முன்பே அழுத்தம் குறைந்த விமான அறைக்குள் போனால், அந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. பயிற்சியாளர்கள் பலர் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தக் காத்திருப்பைக் கழிப்பதற்கு நடந்து பார்க்கும் அருங்காட்சியகங்களைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இரண்டாம் படி: கிழமையையும் வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்

சமுத்ரிகா கடற்படை அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. சாத்தம் மர ஆலை ஞாயிற்றுக்கிழமை இயங்குவதில்லை. மற்ற இடங்களின் வார விடுமுறையும் நேரமும் அவ்வப்போது மாறுவதால், முந்தைய நாளே விடுதி வரவேற்பறையில் தொலைபேசி வழியாக விசாரிக்கச் சொல்லிவிடுங்கள். விமானச் சீட்டு வாங்கும்போதே திரும்பும் நாள் ஞாயிறாகவும் திங்களாகவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும். தேசிய விடுமுறை நாள்களில் பெரும்பாலான இடங்கள் மூடப்பட்டிருக்கும்.

மதிய இடைவேளையையும் மறக்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நண்பகலுக்குப் பிறகு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கதவை மூடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துப் போய் வாசலில் நிற்பது கடைசி நாளில் கட்டுப்படியாகாது.

வெளிச்சத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேரோ ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. அதனால் கடிகாரப்படி சூரியன் இங்கே மிக விரைவில் உதித்து, மிக விரைவில் மறைகிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். காலை ஐந்தரை மணிக்கே நன்கு விடிந்துவிடுவதால், பெட்டி கட்டுவது, குளிப்பது, சிற்றுண்டி உண்பது ஆகிய அனைத்தையும் முடித்துக்கொண்டு அருங்காட்சியகம் திறக்கும் வேளைக்கு வாசலில் நிற்பது இங்கே சிரமமே இல்லை.

மூன்றாம் படி: எத்தனை இடங்கள் என்று முடிவு செய்யுங்கள்

போர்ட் பிளேரிலிருந்து புறப்படும் விமானங்களில் பெரும்பாலானவை காலையிலோ நண்பகலையொட்டியோ இருக்கின்றன. விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஆட்டோவில் பதினைந்து இருபது நிமிடத் தொலைவுதான். ஆயினும் பாதுகாப்புச் சோதனைக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும்.

விமானம் நண்பகலில் என்றால் ஒரே ஓர் இடம் பாருங்கள். அது செல்லுலார் சிறையாக இருக்கட்டும். பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணி என்றால் மானிடவியல் அருங்காட்சியகமும் சிறையும் போதும். ஒரு முழு நாளும் கையில் இருந்து மறுநாள்தான் விமானம் என்றால் நான்கு இடங்கள் வரை பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாவது இடத்துக்குப் போகும்போது கண் பார்க்கும், மனம் வாங்கிக்கொள்ளாது. ராஸ் தீவை இந்த நாளில் நுழைக்க முயல்வது தவறு. 1858 முதல் 1941 வரை நிர்வாகத் தலைமையிடமாக இருந்த அந்தத் தீவு கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் படகில் போய்வர வேண்டிய இடம் என்பதால் பயணத்தின் நடுவிலேயே அதை முடித்துக்கொள்ளுங்கள்.

வரிசையை எப்படி அமைப்பது? நகரின் வடமேற்கு மூலையில் சாத்தம். அங்கிருந்து ஹேடோ, டெலானிப்பூர், மிடில் பாயிண்ட், அபர்டீன் பஜார் என்று கிழக்கு நோக்கி வந்தால் இறுதியில் கடலோரம் அட்லாண்டா முனையில் செல்லுலார் சிறை. மேற்கிலிருந்து கிழக்காக இந்த வழியில் வரும்போது முதலில் காடும் கடலும், அடுத்து இந்த மண்ணின் ஆதிக்குடிகள், கடைசியாக வெளியிலிருந்து வந்த ஆட்சியும் அது கட்டிய சிறையும் என்று இடங்கள் தாமாகவே கால வரிசையில் அமைந்துவிடுகின்றன. ஆட்டோக்களில் மீட்டர் போட மாட்டார்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். அரை நாளுக்கு ஒரே வண்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. நகரில் தமிழர்கள் கணிசமாக வாழ்வதால் தமிழிலேயே பேசி முடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நான்காம் படி: முந்தைய மாலை ஒலி-ஒளிக் காட்சி

செல்லுலார் சிறை வளாகத்தில் மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியைக் கடைசி நாளுக்கு முந்தைய மாலையிலேயே பார்த்துவிடுங்கள். சிறை முற்றத்தில் நிற்கும் அரசமரம் தான் கண்டதைச் சொல்வதுபோல் அந்தக் காட்சி அமைந்திருக்கிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் காட்சிகள் உண்டு. சுற்றுலாப் பருவத்தில் சீட்டு விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். மழை பெய்தால் காட்சி தடைப்படும். இருட்டில் கதையைக் கேட்டுவிட்டு, மறுநாள் பகலில் அதே கட்டடத்துக்குள் நடக்கும்போது, எந்தத் தாழ்வாரத்தில் நிற்கிறோம் என்பது வழிகாட்டி இல்லாமலே தெரியும். காட்சியை மட்டும் பார்த்துவிட்டுச் சிறையைப் பார்த்தாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அறைக்குள் நிற்காமல் அந்தச் சிறை புரியாது.

ஐந்தாம் படி: காட்டையும் கடலையும் சொல்லும் இடங்கள்

நேரம் தாராளமாக உள்ளவர்கள் சாத்தத்தில் தொடங்கலாம். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் ஆங்கிலேயக் குடியிருப்பை அமைத்தது இந்தச் சிறு தீவில்தான். சில ஆண்டுகளிலேயே அது வடக்கே மாற்றப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. இங்குள்ள அரசு மர ஆலை 1883இல் தொடங்கப்பட்டது. உள்ளே இருக்கும் வன அருங்காட்சியகத்தில் படாக் மரத்தின் செந்நிறத் தளத்தைத் தொட்டுப் பார்க்கலாம். 1942இல் ஜப்பானியர் வீசிய குண்டு ஏற்படுத்திய பெரும் பள்ளம் ஆலை வளாகத்திலேயே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் ஆர்வத்தோடு பார்க்கும் இடம் இது. ஆனால் நேரம் குறைவென்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

சமுத்ரிகா கடற்படையினர் நடத்தும் அருங்காட்சியகம். நிகோபாரில் கரையொதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சிப்பிகள், சங்குகள், பவளங்கள் வகை வகையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம். நீங்கள் நீந்திய இடத்தில் பார்த்த ஒன்றிரண்டை மட்டும் தேடிக் கண்டுபிடியுங்கள். மூளைப் பவளமும் மான்கொம்புப் பவளமும் எளிதில் அடையாளம் தெரியும். தீவுகளின் நில அமைப்பை விளக்கும் பகுதியில் சற்று நின்று பாருங்கள். மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் மூழ்கித் தெற்கே நீள்கிறது. அதன் சிகரங்களே இந்தத் தீவுகள். தெற்காசியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவு, நெடுங்காலம் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் வெடித்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோக, வடக்கு அந்தமானில் பவளத்திட்டுகள் நீருக்கு மேலே உயர்ந்தன. ஒரே நாளில் தீவுக்கூட்டத்தின் ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் எழுந்தது என்பதை வரைபடத்தின் முன் நின்று யோசிக்கும்போது, நாம் நடந்த கடற்கரைகள் வேறு விதமாகத் தெரியும். நிகோபார் தமிழருக்குப் புதிய பெயரன்று என்பதும் இங்கே நினைவுக்கு வரலாம். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிக்கிறது.

உயிரினங்களில் ஆர்வமுள்ளவர்கள் ஹேடோவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தென்னை மரமேறித் தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டு, பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, இலைதழைகளைக் குவித்து மேடாக்கி, அந்த மேட்டின் வெப்பத்தில் முட்டையைப் பொரிக்கவிடும் நிகோபார் மேட்டுக்கோழி ஆகியவை இத்தீவுகளின் சிறப்பு உயிரினங்கள். கூடவே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ராஸ் தீவில் கூட்டமாக மேயும் புள்ளிமான்கள் இந்த மண்ணுக்குரியவை அல்ல, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை. தோட்டங்களில் ஊரும் ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஜப்பானியர் கொண்டுவந்தனர்.

ஆறாம் படி: மானிடவியல் அருங்காட்சியகம்

அந்தமான் பயணிகளில் பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான்; என்னைக் கேட்டால், சிறைக்கு அடுத்தபடியாகக் கட்டாயம் பார்க்க வேண்டியதும் இதுவே. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் மிடில் பாயிண்ட் பகுதியில் இருக்கிறது. கட்டடம் எளியது, வெளிச்சம் மங்கலானது, பலகைகள் பழையவை. வெளித்தோற்றத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு சிறு வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தமானில் கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர் என்று நான்கு குடிகள். நிகோபாரில் நிகோபாரியர், ஷோம்பென் என்று இரண்டு குடிகள். முன்னவர் நால்வரும் பின்னவர் இருவரும் தோற்றத்திலும் மொழியிலும் முற்றிலும் வேறானவர்கள். இந்த அறுவரையும் பிரித்தறிந்துகொண்டால் ஒவ்வொரு பேழையும் தனித்தனியே பேசத் தொடங்கும். இல்லாவிட்டால் எல்லாமே வில்லும் அம்பும் கூடையும்தான்.

ஜாரவாக்களின் மரப்பட்டை மார்புக்கவசத்தின் முன் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஒரே பட்டையை வளைத்து, நாரால் கட்டி, மார்பையும் வயிற்றையும் காக்கும்படி செய்திருக்கிறார்கள். நிகோபாரியப் பகுதியில் தீய ஆவிகளை அச்சுறுத்துவதற்காக வீட்டில் நிறுத்தப்பட்ட மரச்சிற்பங்கள் இருக்கின்றன. தேன்கூட்டைப் போன்ற வட்டக் குடிசையின் மாதிரியும் உண்டு. அம்பு முனைகளில் உலோகம் வந்தது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்டினல் தீவருகே 1981இல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் தரைதட்டி நின்றுபோனது. அதன் இரும்பை எடுத்துத் தட்டி ஆயுதமாக்கிக்கொண்டவர்கள் அந்தத் தீவினர். அவர்கள் கற்காலத்திலேயே உறைந்துவிட்டவர்கள் என்ற மேலோட்டமான பேச்சை நம்புவதற்கு அதன் பிறகு மனம் ஒப்பாது.

அதே தீவினர் 1991 ஜனவரியில் முதல்முறையாக ஆயுதமின்றி நீருக்குள் இறங்கி வந்து, ஆய்வுக் குழுவினர் கையிலிருந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டனர். அந்தக் குழுவில் இருந்தவர் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய். பின்னர் அரசு இத்தகைய சந்திப்புகளை நிறுத்திக்கொண்டது. வெளியாரின் நோய்களைத் தாங்கும் எதிர்ப்பாற்றல் அவர்களுக்கு இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். கிரேட் அந்தமானியருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த எச்சரிக்கையின் நியாயம் விளங்கும். 1859இல் அபர்டீனில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அந்த மக்கள், பின்னர் அம்மையாலும் மேகநோயாலும் அழிந்து இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டனர். அவர்களின் மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். ஆயிரமாயிரம் ஆண்டுகள் புழங்கிய ஒரு மொழி அவரோடு நின்றுபோனது.

பாரதாங் சாலையில் ஜாரவாக்களைப் பார்த்துவிட மாட்டோமா என்று சன்னலோரம் காத்திருந்தவர்களுக்கு நான் வெளிப்படையாகவே சொல்வேன்: அந்த ஆவலைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் சாலை அன்று, இந்த அருங்காட்சியகம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அவர்களை அணுகுவதும் படமெடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். இந்த அருங்காட்சியகத்திலும் படமெடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது. ஒரு மணி நேரம் போதும்.

ஏழாம் படி: செல்லுலார் சிறை

இதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளோடு தண்டனைக் குடியிருப்பு இங்கே தொடங்கியது. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த சிறைக் கட்டடம் அதற்கு அடுத்த கட்டம். நடுவே ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஏழு சிறகுகள். ஒவ்வொன்றிலும் மூன்று மாடிகள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 700 தனியறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி அமைத்ததால் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக்கூடக் காண முடியாது. கொட்டடியில் கூட்டமாக அடைப்பதைவிட யாரோடும் பேசவிடாமல் தனித்து வைப்பதே கொடிய தண்டனை என்று கண்டறிந்து, அதற்கென்றே திட்டமிட்டுக் கட்டிய கட்டடம் இது.

இன்று எஞ்சியிருப்பவை மூன்று சிறகுகள்தான். 1941 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடைந்தது. ஜப்பானியர் காலத்தில் இரண்டும், விடுதலைக்குப் பிறகு இரண்டும் இடிக்கப்பட்டன. இடித்த இடத்தில் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. மிச்சத்தையும் இடிக்க வேண்டாம் என்று முன்னாள் கைதிகள் வலியுறுத்தியதன் பின்னர், 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

நுழைந்தவுடன் எல்லோரும் மூன்றாம் மாடியின் கோடியிலுள்ள சாவர்க்கர் அறையை நோக்கி விரைகிறார்கள். நீங்கள் நிதானமாக, தரைத்தளப் படக்கூடத்தில் தொடங்குங்கள். அங்கே கைதிகளின் புகைப்படங்களும் விலங்குகளும் சாக்குத்துணி உடைகளும் உள்ளன. அடுத்து முற்றத்தில் செக்குக் கொட்டகை. மாட்டைப்போல் மனிதனைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். அளவு குறைந்தால் கசையடி. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கொட்டகையை விளக்க வேண்டியதில்லை. 1912இல் இந்துபூஷண் ராய் இந்த வேலையின் கொடுமை தாளாமல் தம் அறையில் தூக்கிட்டுக்கொண்டார். உல்லாஸ்கர் தத்தின் மனநிலை பிறழ்ந்தது. தூக்குமேடை அருகிலேயே இருக்கிறது. குழந்தைகளை அங்கே அழைத்துப்போவதா என்பதைப் பெற்றோர் முன்பே யோசித்துக்கொள்ளட்டும்.

பிறகு மாடியேறி, கூட்டமில்லாத ஏதாவது ஓர் அறைக்குள் நீங்கள் மட்டும் நுழையுங்கள். நீளம் 4.5 மீட்டர், அகலம் 2.7 மீட்டர். காற்றுக்கான ஒரே திறப்பு 3 மீட்டர் உயரத்தில். கையை நீட்டினாலும் எட்டாது, எட்டினாலும் வெளியே தெரிவது வானம் மட்டுமே. வெளியே வந்து தாழ்ப்பாளைக் கவனியுங்கள். இரும்புக் கம்பி கதவிலிருந்து நீண்டு, பக்கச் சுவரில் தோண்டிய குழிக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. உள்ளிருப்பவர் கம்பிக்கிடையே கையை விட்டு எவ்வளவு துழாவினாலும் பூட்டைத் தொட முடியாது. இந்தச் சிறையை வடிவமைத்தவர்களின் எண்ணத்தை இந்தத் தாழ்ப்பாளைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் இங்கே வேறெதுவும் இல்லை.

நடுக்கோபுரத்தில் சலவைக்கல் பலகைகளில் கைதிகளின் பெயர்கள் மாகாணவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வங்கத்தின் பட்டியல் மிக நீளமானது. ஒரு பலகையையாவது முழுமையாகப் படியுங்கள். 1933 மே மாதம் உண்ணாநோன்பிருந்தபோது, வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் உயிரிழந்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவரின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்தப் பெயர்கள் வெறும் எழுத்துகளாக இருக்காது. 1937இல் மீண்டும் நடந்த உண்ணாநோன்புக்குப் பிறகே அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மொட்டைமாடியிலிருந்து எதிரே தெரிவது ராஸ் தீவு. நடனக்கூடமும் ரொட்டி அடுப்பும் தேவாலயமுமாக ஆட்சியாளர்கள் வாழ்ந்த இடம், இந்தச் சிறையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

ஜப்பானியர் ஆண்ட 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரையிலான காலத்தையும் விட்டுவிடக் கூடாது. 1943 டிசம்பர் இறுதியில் சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்து கொடியேற்றினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வேளையில் ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் உள்ளூர் மக்கள் இதே அறைகளில் சித்திரவதைக்கு ஆளானதும், மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரியில் இங்கே உயிரிழந்ததும் குறைவாகவே பேசப்படுகின்றன. வெளியே வரும்போது எதிரிலுள்ள பூங்காவில் உயிர்நீத்தோரின் சிலைகள் இருக்கின்றன. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவும் அது ஏற்ற இடம்.

முதியவர்களை அழைத்துவருவோர் படிகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். மாடிப்படிகள் செங்குத்தானவை, மின்தூக்கி கிடையாது. ஆனால் தரைத்தளத்திலேயே அறைகளும் செக்குக் கொட்டகையும் படக்கூடமும் இருப்பதால் மேலே ஏறாமலும் சிறையைப் பார்த்துவிடலாம். முற்றத்தில் வெயில் நேராக விழும். தொப்பியும் தண்ணீரும் தேவை. அதிகாரபூர்வ வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், ஆனால் அவர் முடித்த பிறகு அரை மணி நேரம் தனியாகவும் நடங்கள்.

எட்டாம் படி: விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்

அறையைக் காலையிலேயே ஒப்படைத்துவிட்டுப் பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் கடற்கரையில் அணிந்த துணிகளையும் குழந்தைகளின் பைகளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். பவளத் துண்டுகளையும் சட்டம் பாதுகாக்கும் சிப்பி, சங்கு வகைகளையும் தீவிலிருந்து எடுத்துச் செல்வது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறந்த பவளமும் இதில் அடங்கும். விமான நிலையச் சோதனையில் அவை வெளிப்பட்டால் பறிமுதல் செய்யப்படுவதோடு விசாரணைக்கும் நிற்க வேண்டியிருக்கும். கரையில் பொறுக்கியது எதுவும் பையில் இருந்தால், எந்தக் கரை அருகில் இருக்கிறதோ அங்கேயே விட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய சிப்பிப் பொருள்களுக்கு ரசீதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். சோதனைச் சாவடியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.